முதல் முறை கேட்டபோது

பின்லாந்துக்கு வந்த முதல் நான்கு நாட்கள் எனக்குக் காபி கிடைக்கவில்லை. காபிக்குப் பஞ்சமில்லை. படகுப் பட்டறையின் ஓய்வறையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் எப்போதும் நிறைந்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் அங்கே கூடுவார்கள். யாராவது ஒருவர் குடுவையைத் தூக்கி என்னைப் பார்த்து, "காபி?" என்பார். நான், "வேண்டாம், பரவாயில்லை" என்பேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவர் கோப்பையில் ஊற்றுவார். விருத்தாசலத்தில் ஒரு வீட்டுக்குப் போய், கேட்டவுடனே "குடுங்க" என்று டம்ளரை வாங்கினால் அலைஞ்சவன் என்று பெயர் வரும். இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை "சரி, அரை டம்ளர்" என்று ஒப்புக்கொண்டு முழு டம்ளரைக் குடிப்பதுதான் முறை. இங்கே இரண்டாம் முறை யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் நாள் நானே எழுந்துபோய் ஊற்றிக்கொண்டேன். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

இந்தப் பட்டறையில் கட்டுவது பந்தயப் பாய்மரப் படகுகள். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. பிசின் ஊறிய கார்பன் இழைத் துணியைப் பெரிய அச்சுக்குள் அடுக்கடுக்காக விரித்து, மேலே நெகிழித் தாளைப் பைபோல மூடி ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி, அச்சோடு சேர்த்துக் கல்யாண மண்டபம் அளவுள்ள ஓர் அடுப்புக்குள் தள்ளிச் சூடேற்றுவார்கள். சூடேறும் நேரம் முழுவதும் பைக்குள் காற்று புகாமல் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும், அடுக்குகளுக்கு நடுவே குமிழி நின்றுவிடும். நடுக்கடலில் படகு அந்த இடத்தில்தான் பிளக்கும். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், முள் இறங்கினால் ஓட்டையைத் தேடி அடைப்பதும் என் வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் பட்டறையில் இரண்டே பேர், நானும் லீசா என்ற பெண்ணும்.

அடுப்பு எனக்குப் புதிதல்ல. ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தேன். பிறகு ஷார்ஜாவில் ஃபைபர் படகு செய்யும் இடத்துக்குப் போகும்வரை, விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தேன். அங்கே அகல் விளக்கும் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் சுட்டோம். அக்காவுக்குத் திட்டக்குடியில் கல்யாணம் வைத்த வாரத்தில் சூளை ஏற்ற வேண்டியிருந்தது. முதலாளி, "ரஷீது, எப்பப்பா கெளம்பற?" என்றார். "பரவால்லிங்க மொதலாளி, சூளை இருக்குது, நான் இருந்து பாத்துக்கறேன்" என்றேன். அவர் கையிலிருந்த பேப்பரை மேசையில் அடித்தார். "அடப் போப்பா! அக்கா கல்யாணத்த வுட்டுட்டு இங்க நின்னு ஃபியூஸ் கட்டைக்கு வெசிறி வீசப் போறியா? பஸ்ஸு நிக்குது, ஏறு மொதல்ல." நான் இருக்கிறேன் என்று சொன்னதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அதைச் சொல்லாமல் கிளம்பியிருந்தால்தான் தப்பாகியிருக்கும்.

இந்த ஆண்டு ஜூலையில் என் தங்கை நஸ்ரினுக்கு நிக்காஹ் வைத்தோம். அத்தா, என் அப்பா, காலமாகிவிட்டார். அத்தா இல்லாத வீட்டில் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கும் உரிமை அண்ணனுடையது. மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு எதிரே நான் உட்கார வேண்டும். விடுமுறை மார்ச் மாதமே காரணம் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். ஆனால் துணி வர வேண்டிய லாரி தாமதமாகி, படகுக் கூடு அடுப்புக்குள் போகும் நாள் சரியாக என் விடுமுறைக்குள் வந்து விழுந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் ஹெய்க்கி என் மேசைக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். "லீசா இருக்கிறாள், நீயும் இருக்கிறாய். ஒருவர் போதும். நீ ஊருக்குப் போகிறாயா, இருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பரவாயில்லை, நான் இருக்கிறேன். வேலைதான் முக்கியம்" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் "செல்வா" என்றார். பின்னிஷ் மொழியில் 'புரிந்தது' என்று அர்த்தம். போய்விட்டார். அரை மணி நேரத்தில் அடுப்பு வேலைப் பலகையில் என் பெயர் ஏறியது. மாலையில் லீசா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னாள். அவள் மொக்கிக்குப் போகிறாளாம். ஏரிக்கரையில் மின்சாரம்கூட இல்லாத மரக்குடிசைக்கு அந்தப் பெயர். கோடையில் இங்கே பாதி ஊர் அங்கேதான் இருக்கும். அப்போதும் நான் பதறவில்லை. நாளைக்கு ஹெய்க்கி மறுபடி கேட்பார், தங்கச்சி கல்யாணமாச்சே என்பார் என்று நினைத்தேன். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. துணியை உறைபெட்டியிலிருந்து எடுத்து அச்சில் விரித்தார்கள். அதை வெளியே எடுத்துவிட்டால் பிசின் இறுகத் தொடங்கும், பிறகு நாளைத் தள்ளிப்போட முடியாது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குச் சொன்னேன். அம்மா, "ஒனக்கு வாயில என்னா கொழுக்கட்டயா? போவணும்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்று அழுதார். போனைப் பிடுங்கிய சாச்சா, அத்தாவின் தம்பி, "ஏன்டா, அவன் என்னா ஒன் மாமியாரா, ரெண்டாந்தரம் வந்து கெஞ்சறதுக்கு?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் நஸ்ரின் போனை வாங்கினாள். "பரவால்லண்ணே, வேலதான முக்கியம்" என்றாள்.

நான் ஹெய்க்கியிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நேராக ஹெய்க்கியின் அறைக்குப் போனேன். "நான் ஊருக்குப் போக வேண்டும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டேனே."

"கேட்டீர்கள்."

"இருக்கிறேன் என்றாய்."

"மரியாதைக்குச் சொன்னேன்."

"யாருக்கு மரியாதை?" என்றார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் முன்னாலேயே லீசாவை மூன்று முறை அழைத்தார். மணி போகவில்லை. செய்தி அனுப்பினார். வடக்கே எந்த ஏரி என்று அவருக்கும் தெரியவில்லை. "செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் போதும், ரஷீத்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் இடத்தில் உட்காரச் சாச்சாவை நியமித்து, அந்தச் சம்மதத்தைப் பள்ளிவாசல் இமாமிடம் போனில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் பதினோரு மணிக்கு நிக்காஹ். இங்கே காலை எட்டரை. கூடு அடுப்புக்குள் போய் ஓர் இரவு முழுவதும் ஆகியிருந்தது. கண்ணை முள்ளின் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். வேலை நாள் அல்லாத அன்று ஹெய்க்கி ஏன் வந்தார் என்று தெரியவில்லை. "வெளியே போய்ப் பேச வேண்டுமா? ஓட்டையை அடைக்க எனக்குத் தெரியாது. ஆனால் முள் அசைந்தால் கூப்பிடுவேன்" என்றார். "ஆமாம்" என்றேன்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். வீடியோ அழைப்பில் அம்மா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெண்கள் அறையில் நஸ்ரின் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சாச்சா இரண்டு சாட்சிகளோடு வந்து மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்றார். அவள் பேசவில்லை. இரண்டாம் முறை கேட்டார். பேசவில்லை. "பொண்ணு யோசிக்குதுடி, மாப்ளைக்கு வேர்க்கப் போவுது" என்று ஒரு குரல் வந்தது, அறை சிரித்தது. யாரும் அவசரப்படவில்லை. மூன்றாம் முறை சாச்சா குனிந்து, "அண்ணன் லைன்ல இருக்கான்மா. சொல்லும்மா" என்றார்.

"சம்மதம்" என்றாள். பிறகு போன் இருந்த பக்கம் திரும்பி, "கேட்டுச்சாண்ணே?" என்றாள்.

"கேட்டுச்சும்மா."

மண்டபத்து மைக்கில் துஆ ஆரம்பித்தது. இணைப்பு அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெய்க்கி, இமைக்க மறந்தவர்போல முள்ளைப் பார்த்துக்கொண்டு, நான் விட்ட இடத்தில் அப்படியே நின்றிருந்தார்.

உள்ளே போனேன். "முடிந்ததா?" என்றார். முடிந்தது என்றேன். அடுப்பின் சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. "இனி ஆற வேண்டியதுதான். அதற்கு நான் போதும். நீ வீட்டுக்குப் போக வேண்டுமா?"

"போக வேண்டும்" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

அவர் விலகி எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. அங்கிருந்து என் அறைக்குப் பன்னிரண்டு நிமிடம்.