சோறு வேண்டாம் என்றவர்கள்

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு போடுகிறவள் முதலில் கற்றுக்கொள்வது, 'போதும்' என்ற சொல்லை நம்பக் கூடாது என்பதைத்தான். இலைக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டே 'போதும், போதும்' என்பார்கள். விரலுக்கும் இலைக்கும் நடுவில் இன்னும் ஒரு கரண்டிக்கு இடம் விட்டிருப்பார்கள். மலேசியாவின் பீடோங்கில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருபத்தாறு வருஷமாக இந்தக் கரண்டியைப் பிடித்திருக்கிறேன். நீங்களும் கடை வைத்திருந்தால், இல்லை, ஒரு கல்யாணப் பந்தியிலாவது சோற்று வாளி தூக்கியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

சமைப்பது என் வீட்டுக்காரர் சவரிமுத்து. அவருக்குப் பத்து வருஷமாக இனிப்புநீர். போன வருஷம் காலில் ஒரு சின்னப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. சர்க்கரை இறங்காவிட்டால் இனி மாத்திரையோடு முடியாது, ஊசிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஊசி என்று காதில் விழுந்தாலே அவர் முகம் வெளுத்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் சோறு வேண்டாம் என்கிற கூட்டம் கிளம்பியது. நான் அதை நம்பவில்லை. அடுப்படியில் நாள் முழுக்க வேகிற மனுஷன் சோறில்லாமல் எப்படி நிற்பார்? காலை பதினொரு மணிக்கு ஒரு தட்டு, மாலை நாலு மணிக்கு ஒரு தட்டு, நன்றாகக் குவித்து அடுப்படியில் வைத்துவிட்டுப் பந்திக்கு ஓடுவேன். திரும்பி வரும்போது தட்டு துடைத்துவிட்டது மாதிரி இருக்கும்.

சிலுவாரில் சாம்பார்

முதன்முதலில் வந்தவர் சுங்கைப்பட்டாணிக்காரர். காப்புறுதி பாலிசி விற்கிற வேலை, கழுத்தில் டை. "சோறு வேண்டாங்கா, மத்ததெல்லாம் போடுங்க. லோ கார்ப். மாவுச்சத்தைக் குறைக்கிறேன்" என்றார். எனக்கு உடனே சந்தேகம். போன தடவை சோற்றில் கல் கிடந்ததா? இல்லை, அடுத்த தெருவில் புதுக் கடை போடப் போகிற யாராவது வேவு பார்க்க அனுப்பினார்களா? வேவு பார்க்க வந்தவன்தான் காய்கறியை இப்படி ஒவ்வொன்றாகத் தனியே ருசி பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைப்பு அங்கே இருந்ததில் கை பழக்கப்படி சாம்பாரை ஊற்றிவிட்டது. சோற்றில் குழி இருந்தால்தானே சாம்பார் நிற்கும்? வெறும் இலையில் அது நேராக ஓடி, மேசை விளிம்பைத் தாண்டி, அவர் மடியில் இறங்கிக் கால்சட்டையை நனைத்தது. துணியை எடுத்துக்கொண்டு நான் ஓட, அவர் எழுந்து நின்று காலை உதறிக்கொண்டே சொன்னார்: "அக்கா, வயித்துக்குத்தான் சோறு வேண்டாம்னேன். சிலுவாருக்கு சாம்பார் கேக்கலயே லா."

விரதக் கணக்கு

சுங்கை லாலாங் பக்கத் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் அடிக்கடி வருவார். நாற்பது பேரை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கியவர். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு மாதமாகச் சோற்றைத் தொடவே இல்லை என்று கடையிலிருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "இடுப்புதான் ஒரு அங்குலம்கூட இறங்கல. இந்த லோ கார்ப் எல்லாம் ஏமாத்து வேலை" என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நான் சொன்னேனா இல்லையா என்று மற்ற மேசைகளை ஒரு பார்வை பார்த்தேன்.

இருந்தாலும் சந்தேகம் யாரை விட்டது? சோறு இல்லாமல் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் பசியாற நாலு தோசை. மத்தியானம் மீகூன் சேமியா பிரட்டல். நாலு மணிக்குப் புட்டு. ராத்திரிக்கு இடியப்பம், லேசாகத்தான், எட்டு. அண்ணே, இதெல்லாமே அரிசிதானே என்றேன். வெள்ளிக்கிழமை விரதத்தில் சோறு தொடாமல் பலகாரம் சாப்பிட்டே பழகிய மனுஷர் அவர். என்னை ஒரு வேலை தெரியாத புது ஆளைப் பார்ப்பது போல் பார்த்தார். "சோறு வேற, தோசை வேற, தங்கச்சி. முருகனே ஒத்துக்கிட்டாரு, இதுல டாக்டர் என்ன தனியா சொல்றது?"

வேகாத சோறு

செர்டாங்கில் ஒரு கல்யாணச் சமையல். மாதா கோயில் மண்டபம், முந்நூறு பேர். பெண்ணின் அண்ணன் வந்து, பிரியாணிக்குப் பக்கத்தில் சோறில்லாத மேசை ஒன்று தனியாக வேண்டும் என்றான். இப்போது எல்லாக் கல்யாணத்திலும் வைக்கிறார்களாம். காலிபிளவரைத் துருவி, சோறு மாதிரி வதக்கி வைக்கச் சொன்னான். கல்யாணத்துக்கு வந்தவர்களை இப்படியா ஏய்ப்பது என்று எனக்கு எரிச்சல். யாரும் தொடமாட்டார்கள், சின்னச் சட்டியில் செய்தால் போதும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெரிய சட்டியாகவே ஏற்றினார். துருவும்போது வாயில் கொஞ்சம் போட்டு மென்றுகொண்டும் இருந்தார். உப்பு பார்க்கிறார் என்று நான் விட்டுவிட்டேன்.

பிரியாணி மேசையைவிட அந்த மேசையில்தான் வரிசை நீண்டது. எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. எந்த வரிசை என்று தெரியாமல் அதில் புகுந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தட்டு நிறைய அதை அள்ளி மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை விரலால் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "பிலோமினா, சோறு வேகல. கல்யாண வீடாச்சேன்னு நான் வெளிய சொல்லல, நீயும் சொல்லாதே."

மிஸ்ஸி கேட்ட கேள்வி

இதற்குள் சவரிமுத்துவுக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருந்தது. கிளினிக் அட்டையில் எண் குறைந்ததைப் பார்த்த நாளிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. யாராவது சோறு வேண்டாம் என்றால் போதும், அடுப்படியைக் கையால் காட்டுவேன். "அதோ பாருங்க என் வீட்டுக்காரரை. நாளுக்கு ரெண்டு தட்டுச் சோறு. சர்க்கரை இறங்குது. சோத்து மேல பழி போடாதீங்க." அவர் கரண்டியோடு நின்று, தலையை ஆட்டுகிறாரா இல்லையா என்று தெரியாத மாதிரி ஆட்டுவார்.

கிளினிக்கில் நர்ஸாக இருக்கிற மிஸ்ஸி ஒருத்தி மத்தியானம் சாப்பிட வருவாள். அவளும் சோற்றில் ஒரு கைப்பிடிதான் வாங்குவாள். முன்பெல்லாம் அரிசியைப் பற்றி வாயே திறக்காத டாக்டர்கள்கூட இப்போது குறைக்கச் சொல்கிறார்கள் என்றாள். ஆனால் மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் குறைக்கக் கூடாதாம். அவளிடமும் என் வீட்டுக்காரர் கதையை முழுசாக எடுத்துவிட்டேன். அவள் அடுப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ரெண்டு தட்டும் அண்ணன் வாய்க்குத்தான் போகுதாக்கா?"

சனிக்கிழமை மத்தியானம்

அந்தக் கேள்வியை நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை, கூட்டம் முட்டுகிற நேரத்தில், அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேச்சு குழறுகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. சீனி போட்டுத் தண்ணீர் கலக்கி வாயில் ஊற்றி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாசலில் நிறுத்தியிருந்த காடியில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனேன். அதே மிஸ்ஸிதான் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை ஏகத்துக்கு இறங்கிக் கிடந்தது. கடைசியாக என்ன சாப்பிட்டார் என்றாள். பதினொரு மணிக்கு ஒரு தட்டுச் சோறு என்றேன். "சோறு சாப்பிட்டவருக்கு இவ்வளவு இறங்காதுக்கா" என்றாள். நான் மெஷின் கெட்டுவிட்டது என்றேன். இன்னொரு விரலில் குத்தச் சொன்னேன். அதிலும் அப்படித்தான். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன்.

கட்டிலில் இருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். இரண்டு மாதமாக நான் வைத்த சோற்றில் ஒரு பருக்கைகூட அவர் தொடவில்லை. மீன், முட்டை, கீரை மட்டும். மாத்திரையை மாத்திரம் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. செத்துப்போயிருந்தால் என்ன செய்வேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஊரு பூரா என்னைக் காட்டிப் பேசிக்கிட்டிருந்தே. உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசு வரல பிலோமி."

பின்கதவு

டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். சோற்றைக் குறைத்தது சரி, அதை இங்கே சொல்லாமல் குறைத்ததுதான் தப்பு என்று வீட்டுக்காரருக்குத் திட்டு விழுந்தது. சொல்ல விடாதவள் பக்கத்தில் நின்றதால் எனக்கும் சேர்ந்துதான் விழுந்தது. இப்போது அவர் தட்டில் மீனும் கீரையும் நானே போடுகிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தின்று முடிக்கிறவரை எழுந்திருப்பதில்லை.

மூன்றாம் நாள் கடையின் பின்கதவை யாரோ தட்டினார்கள். பின்னால் குடியிருக்கிற ராணி. பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கிறாள். இந்த இரண்டு மாதத்தில் அவை எப்படி அவ்வளவு கொழுத்தன என்று எனக்கே சந்தேகம் இருந்தது. கொஞ்சம் தயங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, பதினோரு மணி ஆனா கோழிங்க வந்து வாசல்ல நின்னுடுது. அண்ணன் இனிமே சோறு சாப்பிடப் போறாரா?"

ஊரில் சோறு வேண்டாம் என்ற ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லாதவர்தான்.