மின்சாரம் நின்ற பிற்பகல்

அப்பா காசி புளியமரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று ஜவ்வாது மலையிலிருந்து போன் வந்தபோது, அன்பரசி சென்னையில் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பா அல்ல, எதிரே தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த சோதனைதான். அந்த நினைப்பு பிறகு வெகுநாள் அவளை அறுத்தது.

தொட்டியில் கடல்நீர். அதற்குள் இரண்டு நிக்கல் வலைகள். மின்சாரம் பாய்ந்ததும் ஒன்றில் ஹைட்ரஜனும் மற்றதில் ஆக்சிஜனும் குமிழிடும். ஆக்சிஜன் வரும் வலையைத்தான் உப்பு அரித்துத் தின்றுவிடும். அதைத் தாங்கும் வினையூக்கிப் பூச்சு ஒன்றை உருவாக்குவதுதான் சில வருடங்களாக அவள் பாடு. இந்த முறை பூச்சு மாதக்கணக்கில் நின்றிருந்தது. உடன் ஆய்வு செய்யும் வெண்ணிலாவிடம் தொட்டியை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அதற்குள் காசியை மலையிலிருந்து இறக்கி, செங்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. அம்மா மங்கம்மாள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆளு வெச்சி உலுக்கலாம்னு சொன்னேன், கேக்கல. இப்ப இன்னா பண்றது, சொல்லு" என்றாள்.

மறுநாள் பிற்பகல் வெண்ணிலா கூப்பிட்டாள். "அக்கா, இங்க கரண்ட் போயிடுச்சு. பேட்டரியும் கைவிட்டுடுச்சு. திரும்பப் போட்டா பூச்சு உரிஞ்சு வருதுக்கா. தண்ணியே கலங்கிப் போச்சு."

அன்பரசி வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தும் முடியவில்லை. உள்ளே வந்தவளின் முகத்தைக் காசி பார்த்துவிட்டார்.

"உன் மிசினு நின்னு போச்சாம்மா?"

"ஆமாப்பா."

"எனக்காவ வந்ததாலயா?"

"இல்லப்பா. நான் அங்க இருந்தாலும் நின்னுதான் இருக்கும்."

அவரைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை அவளையே உறுத்தியது. கரண்ட் போகாத ஊர் எது? வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தில் ஓடவேண்டிய பொருள், சாயங்காலம் ஆனால் நின்றுதானே ஆகவேண்டும்? இத்தனை மாதமும் அவர்கள் அதை ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கவில்லை. மின்சாரம் நிற்காதவரை நிற்கும் பூச்சை, உறுதியான பூச்சு என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து காசி வீடு திரும்பியதும் சென்னைக்குப் போய், ஆய்வு வழிகாட்டி ரேணுகாதேவியிடம் அதைச் சொன்னாள்.

அவர் பழைய அறிக்கையை எடுத்துப் புரட்டினார். "இதை எழுதினா நம்ம பழைய ரிசல்ட்டும் அடிபடும்மா. அடுத்த வருஷம் யார் பணம் கொடுப்பாங்க?"

"தெரியல மேடம். ஆனா எழுதாம இருக்க முடியல."

எழுதினார்கள். எதிர்பார்த்தபடியே பணம் குறைந்தது. வெண்ணிலா வேறு வேலை தேடிப் போனாள். அன்பரசி தனியாக, பூச்சுக்கு அடியில் இன்னொரு காப்புப் படலம் வைத்து, தினமும் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். முதல் வலை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்தது தாங்கியது, ஆனால் ஆக்சிஜனோடு, வரக்கூடாத குளோரின் நெடியும் அடித்தது. அதையும் தூக்கிப் போட்டாள்.

மலையில் காசி கோலூன்றி வாசல்வரை நடந்தார். மரமேற முடியாது, சாமைக் காட்டுக்கு மங்கம்மாள் ஒருத்தியாகப் போய்வந்தாள். வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று ஒருநாள் அன்பரசி போனில் கேட்டாள்.

"வந்து?" என்றாள் மங்கம்மாள். கோபமா களைப்பா என்று பிடிபடாத குரல். "வூட்ல ஒக்காந்து அந்தத் தொட்டியத்தான நெனச்சிக்கினு இருப்ப. லீவுக்கு வா, போதும். அறுப்புக்கு மட்டும் வந்துடு."

சரி என்றாள். அறுப்புக்குப் போகவும் செய்தாள். திரும்பும் பஸ்ஸில், மூன்றாவது வலைக்கு எந்த உலோகத்தைச் சேர்ப்பது என்ற யோசனை, ஜமுனாமரத்தூர் தாண்டுவதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பாவை நினைக்க முயன்றாள். இரண்டும் சேர்ந்தே வந்தன.