துக்க வீட்டில் என்னிடம் கொடுத்த பை

நம் சபையில் பலர் என்னைக் குடித்த கோலத்தில் பார்த்தவர்கள். அதனால் மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். குடித்ததால் அல்ல, குடிக்காததால். ஜூன் மாதம் விட்டேன். அதன்பிறகு தூக்கம் இல்லை. காரிமங்கலம் பஸ் நிலையத்தில் யாராவது ஹாரன் அடித்தால்கூட நெஞ்சு படபடக்கும். என் மனைவி மேரி எதுவும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருப்பதே எனக்குப் பயமாக இருக்கும்.

தருமபுரியில் குடியை விடும் சிகிச்சைக்குப் போனபோது ஆலோசகர் அம்மா, தினமும் எழுதுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

"மழை பெஞ்சது தெரியுதுங்க. சந்தையில தக்காளி வெல தெரியுதுங்க. இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?"

குடிக்க ஆசை எழும்போது அதற்கு முன்னால் என்ன நடந்தது, எதற்குப் பயந்தீர்கள் என்று எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ஜெபித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். "ஆண்டவரே, பயமா இருக்கு." அதற்குமேல் பேனா நகராது. எத்தனையோ புத்தகம் படித்தவன், என் பயம் எதைப் பற்றியது என்று எனக்கே தெரியவில்லை. வாரக்கணக்கில் அந்த ஒரே வரிதான்.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஏரியூரில் என் மாமனார் இறந்துபோனார். அந்தப் பக்கம் குழி வெட்டுகிறவர்களுக்கும் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் துக்க வீட்டார் மது வாங்கிக் கொடுப்பது வழக்கம். அதை ஒருவர் பொறுப்பில் வைத்து, அடக்கம் முடிந்தபின் பிரித்துக் கொடுப்பார்கள். மேரியின் அண்ணன் தாஸ் கனமான ஒரு பையை என் கையில் திணித்தார்.

"மாப்ள, போன எழவுல பாதிய எவனோ அமுக்கிட்டான். நீதான் இப்பத் தொடறதே இல்லயே. உங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த வீட்டில் என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கொல்லையில் டிராக்டர் ஓரமாக உட்கார்ந்தேன். அசைந்தால் பைக்குள் பாட்டில்கள் உரசும். அந்தச் சத்தத்துக்கே வாயில் எச்சில் ஊறியது. மேரி உள்ளே அப்பாவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட முடியாது. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பி இந்தப் பையை வாங்கிக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். யாரும் வரவில்லை. திரும்பவும் ஜெபித்தேன். என் கை பைக்குள் போய்விட்டது. ஒரு பாட்டிலின் கழுத்தைப் பிடித்தும்விட்டேன்.

எப்படியோ கையை வெளியே இழுத்தேன். சட்டைப் பையில் மாமனாரின் மரண அறிவிப்பு நோட்டீஸ் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். வழக்கமான வரிதான் முதலில் வந்தது. ஆனால் அன்று பேனா அதோடு நிற்கவில்லை. "பாட்டிலைப் பார்த்துப் பயமில்லை. என்னால் முடியாது என்று சொன்னால் மச்சான் பழையபடி கேவலமாகப் பார்ப்பார். அதுதான் பயம்."

அதைப் படித்துக்கொண்டே இருந்தேன். ஆள் அனுப்பும்படி கேட்டேன். எழுந்து போகவேண்டிய ஆள் நான்தான் என்று ஆண்டவர் காட்டிவிட்டார்.

பந்தலுக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள்.

"மச்சான், இத வாங்கிக்கங்க. இன்னுங் கொஞ்ச நேரம் இருந்தா நானே குடிச்சிருவனுங்க."

யாரோ சிரித்தார்கள். "ஏம்பா, இத்தன மாசம் ஜெபம் பண்ணியும் ஒரு பையப் புடிச்சிக்கிட்டு உக்கார முடியலயா?"

"முடியலைங்க" என்றேன்.

மச்சான் முகம் சிவந்தது. பையை வாங்கி, "இத வூட்டுக்குள்ள வெச்சிப் பூட்டு" என்று தன் மனைவியிடம் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல மாப்ள?"

"எனக்கே இப்பத்தாங்க தெரிஞ்சிது."

அவர் என் தோளில் கை வைத்தார். அடக்க முடியாமல் அழுதேன். மாமனாருக்காக அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெரியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய் சாட்சி. இன்றும் வருகிறது. வந்தால் ஜெபிக்கிறேன், எழுதுகிறேன். அது எதைப் பற்றியது என்று தெரிந்ததும் மேரியிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இந்தப் போராட்டத்தில் இருக்கிறவர்கள் அவரை நம்பி ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராது என்றால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். தருமபுரிக்குப் போகவேண்டும் என்றால் பஸ்ஸில் உங்களோடு நானும் வருகிறேன்.