நல்லா இல்லை என்று சொன்ன சென்னம்மாள்

சென்னம்மாளுக்கு அந்த வீட்டில் முதல் கோபம் பெயரால்தான் வந்தது. காரிமங்கலம் பக்கத்தில் பேரன் பேத்தி எடுத்தவளைத்தான் ஆயா என்பார்கள். அவளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. புருஷன் பாம்பு கடித்துச் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. தருமபுரியில் காட்டிலாகா துரையின் இரண்டு பெண் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போன முதல் நாளே, துரைசாணி அவளை "ஆயா" என்று கூப்பிட்டாள்.

"எம் பேரு சென்னம்மாளுங்க."

துரைசாணி சிரித்தாள். "சரி ஆயா, தண்ணி கொண்டா."

ஆறு வருஷம் அதே பெயர்தான். அந்த வீட்டில் சமையலுக்குத் தனியாக ஆள் உண்டு. ஆனாலும் துரைக்கு நாக்குச் செத்துப்போகும்போதெல்லாம் சென்னம்மாளைத்தான் கோழிக்குழம்பு வைக்கச் சொல்வார்கள். மல்லியும் மிளகாயும் வறுத்து, தேங்காய் சேர்த்து, அம்மியில் மையாக அரைத்து அவள் வைக்கிற குழம்பை, துரைசாணி கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவாள். யாராவது வெள்ளைக்கார விருந்தாளி வந்தால், "இந்தியச் சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை" என்பாள். ஆனால் அம்மி எந்த மூலையில் கிடக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் துரைக்கு ஆறு மாத லீவு கிடைத்தது. குழந்தைகள் சென்னம்மாளை விட்டு இருக்க மாட்டார்கள் என்று அவளையும் லண்டனுக்குக் கூட்டிப் போனார்கள். கப்பலில் பாதி நாள் வாந்தி. போய்ச் சேர்ந்தது துரைசாணியின் அக்காள் வீடு. அங்கே அடுப்படி ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரியின் கையில் இருந்தது. சென்னம்மாள் வாசற்படியில் கால் வைத்தாலே அவள் கரண்டியை ஓங்கினாள். வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் தின்று தின்று சென்னம்மாளின் வயிறு மரத்துப்போனது. பட்டணம் முழுக்கப் புகை. அதில் தாளிக்கிற வாசனை மட்டும் எங்கேயும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து துரைசாணி தன் அக்காளிடமும் சிநேகிதிகளிடமும் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். "ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வாருங்கள். நிஜமான இந்தியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்." வார்த்தை விட்டபிறகுதான் எங்கே கூட்டிப்போவது என்ற கேள்வி வந்தது. விசாரித்துக்கொண்டு கிளம்பினாள். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சென்னம்மாளும் கூடப் போனாள்.

முதலில் போன இடம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கப்பல் வேலையை விட்டு இறங்கிய வங்காளத்து முஸ்லிம் ஒருவர் நடத்தினார். நாலே மேஜை, மேலே மெழுகுத்துணி. அவர் சென்னம்மாளைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் ஒரு தட்டில் சோறு போட்டு, பருப்பும் மீன்குழம்பும் ஊற்றி நீட்டினார். நம்மூர் ருசி இல்லைதான். ஆனால் மீன் மீனாக இருந்தது, மிளகாய் மிளகாயாக இருந்தது. நின்றபடியே தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்குதுங்கம்மா. எல்லாத்தயும் இங்கயே கூட்டியாங்க."

துரைசாணி மெழுகுத்துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது கூலி ஆளுங்களுக்கு, ஆயா. எங்களுக்கு இல்லை" என்று வெளியே நடந்தாள்.

சாப்பாட்டை ஒரு வாய் வைத்துப் பார்க்காமல் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாளே என்று சென்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடைக்காரரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் துரைசாணிக்குப் பிடித்த இடம் பெரிய கடைவீதியில் இருந்தது. கண்ணாடிச் சரவிளக்கு, யானைத் தந்தம், சுவரில் புலித்தோல், வெள்ளித் தட்டு. சாப்பிட்டுப் பார்க்காமலே அங்கே எட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒருவன் ராஜா மாதிரி ஜரிகைத் தலைப்பாகையும் இடுப்புப் பட்டையுமாக நின்றான். வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் குனிந்து கதவைத் திறந்தவன், குழந்தையோடு வந்த சென்னம்மாளைக் கை நீட்டி மறித்தான். அவள் தமிழில் முணுமுணுத்ததும் அவன் முகம் மாறியது.

"நீங்க எந்தூருங்க?"

"காரிமங்கலம். நீ?"

"பென்னாகரங்க. பேரு பச்சியப்பன். கப்பல்ல கரி அள்ளிப்போட வந்தவன், இங்கயே தங்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "கோவிச்சுக்காதீங்கக்கா. இந்த வாசல்ல நம்மாளுங்கள வுடக்கூடாதுன்னு உத்தரவு. பின்னால சுத்தி வந்துருங்க."

"நம்ம சோத்த விக்கற கடையில நம்மள வுடமாட்டானா?"

அவன் பதில் சொல்வதற்குள் துரைசாணி திரும்பி வந்து, "என் ஆயா, வரட்டும்" என்றாள். அப்படித்தான் சென்னம்மாள் உள்ளே போனாள். அவளுக்கு நாற்காலி இல்லை. குழந்தையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

ஒவ்வொன்றாக வந்தது. முதலில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளாக ஏதோ சூப். அதன் பெயரைப் பரிமாறுகிறவன் இழுத்து இழுத்துச் சொன்னபோது, அவன் சொல்வது மிளகுத்தண்ணி என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு திராட்சை போட்ட மஞ்சள் சோறு. பிறகு, மூடியைத் திறக்கும்போதே இனிப்பாக வாடை அடித்த கோழி. விருந்தாளிகள் மரியாதைக்குத் தலையாட்டித் தின்றார்கள். துரைசாணி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது துரைசாணியின் அக்காள் புருஷன், நரைத்த மீசைக்காரர், கரண்டியால் சென்னம்மாளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைசாணி ஒரு சின்னத் தட்டில் சோறும் குழம்பும் எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"ஆயா, சாப்பிடு. எப்படி இருக்கு, சொல்லு."

சென்னம்மாள் ஒரு வாய் வைத்தாள். மாவு கரைத்து ஊற்றியிருந்தார்கள். டப்பாவில் அடைத்த மசாலாத் தூளின் பழைய நெடி. பல்லில் ஆப்பிள் துண்டு ஒன்று மாட்டியது.

"நல்லா இல்லீங்கம்மா. பாயசத்துல கோழியப் போட்டாப்பல இருக்குது. மிளகுத்தண்ணின்னு சொல்றாங்க, ஒரு மிளகக்கூடக் காணோம். இத எங்கூர்ல ஆரும் திங்க மாட்டாங்க."

துரைசாணியின் உதட்டில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. மேஜைப் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். எல்லாரும் "ஆ" என்று மகிழ்ந்து சென்னம்மாளைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள்.

ஆறு வருஷம் அந்தக் குழந்தைகளோடு பேசிப் பழகியவள் அவள். "வெரி குட்" காதில் விழுந்தது. "மதர்" விழுந்தது. தன் அம்மா சமைத்தது மாதிரியே இருக்கிறது என்று தான் சொன்னதாக இவள் சொல்லிவிட்டாள் என்பது சென்னம்மாளுக்கு நொடியில் விளங்கியது. கம்பு இடித்தும் களி கிண்டியும் கையெல்லாம் காய்த்துப்போய்ச் செத்த தன் தாயை இந்தப் பாயசக் கோழியோடு சேர்த்துவிட்டாளே!

தட்டை மேஜைமேல் வைத்தாள். சத்தமாகவே வைத்தாள்.

"நோ" என்றாள். "ஐ நோ சே குட். நோ குட். மை மதர் நோ."

மீசைக்காரர் மட்டும் கரண்டியைப் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். துரைசாணியின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

வெளியே வரும்போது பச்சியப்பன் கதவைப் பிடித்தபடி கிசுகிசுத்தான். "இது நம்ம ருசி இல்லேன்னு சமையக்காரங்களுக்கும் தெரியுங்கக்கா. வெள்ளக்காரன் நாக்குக்கு இப்பிடித்தான் வேணுமுன்னு மொதலாளி சொல்றான்."

"அப்ப வெள்ளக்காரன் சோறுன்னு எழுதி வெய்யிங்க. நம்மூருப் பேர எதுக்குப் போடறீங்க?"

பச்சியப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வண்டிக்குக் குனிந்தான்.

வீட்டுக்கு வந்ததும் துரைசாணி கதவைச் சாத்தினாள். எல்லார் முன்னாலும் தன்னை அவமானப்படுத்திவிட்டாய் என்றாள். அக்காளிடமும் மற்றவர்களிடமும் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

"நீங்கதானுங்க எப்பிடி இருக்குதுன்னு கேட்டீங்க? நான் ஒண்ணு சொன்னா அத வேற ஒண்ணா மாத்திச் சொல்றதுக்கு நீங்க ஆருங்க? நான் கேக்க மாட்டேன்."

பத்து நாளில் அவளைக் கப்பலேற்றிவிட்டார்கள். மதராசுக்குப் போகிற இன்னொரு குடும்பத்துக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அதோடு அனுப்பினார்கள். குழந்தைகளில் பெரியவள் அழுதுகொண்டே தெரு முனைவரை ஓடி வந்தாள். அது ஒன்றுதான் சென்னம்மாளின் மனதை அறுத்தது.

ஊருக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. அவளுடைய தம்பி மாயவன், அவள் வந்த அன்று சொன்னதைத் திரித்து, அக்காள் லண்டனில் ராஜாக்களோடு உட்கார்ந்து வெள்ளித் தட்டில் விருந்து சாப்பிட்டாள் என்று காரிமங்கலம் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மாடு பிடிக்க வந்தவர்கள்கூட அவளை நிறுத்தி, "எப்பிடிங்க இருந்துது?" என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னால் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு வெள்ளித் தட்டுதான் வேண்டியிருந்தது.

"நின்னுக்கிட்டுத் தின்னேன்டா. ஒரே ஒரு வாய். அதயும் துப்ப எடம் இல்லாம முழுங்கினேன்" என்று சந்தை நடுவில், புளிக் குவியல்களுக்கு மத்தியில் நின்று தம்பியைத் திட்டினாள். "அவ இங்கிலீசுல பொய் சொன்னா, நீ தமிழுல சொல்ற. உனக்கும் அவளுக்கும் என்னடா வித்தியாசம்?"

மாயவன் கொஞ்ச நாள் அவள் கண்ணில் படாமல் சுற்றினான்.

உலகச் சண்டை நடந்த நாட்களில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரிகள் ஓயாமல் ஓடின. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய வண்டிகள், தொப்பூர் மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். அங்கே புளியமரத்தடியில் சென்னம்மாள் ஒரு கொட்டகை போட்டாள். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். களியும் கொள்ளுக் குழம்பும்தான். கோழி கிடைத்த நாளில் கோழி. மழைக்கு ஒழுகியது, அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது. ஆனால் அம்மி ஒருநாளும் காய்ந்து கிடந்ததில்லை. சாப்பிடுகிறவன் யாராக இருந்தாலும் ஒரே பலகைதான், ஒரே வரிசைதான்.

சமாதானமாகப் போகலாம் என்று வந்த மாயவன், நீல எழுத்தில் பலகை ஒன்று எழுதிக் கொண்டுவந்து மாட்டினான். "லண்டன் ஓட்டல், உயர்தரச் சாப்பாடு."

சென்னம்மாள் அதைக் கழற்றி இரண்டாகப் பிளந்து அடுப்பில் வைத்தாள். அன்று கொள்ளு சீக்கிரம் வெந்தது.

ஆனால் லாரிக்காரர்கள் அதற்குள் படித்துவிட்டார்கள். சேலத்தில் சரக்கு ஏற்றும்போதே, "லண்டன் கடையில நிறுத்திக்கலாம்" என்று பேசிக்கொண்டு வருவார்கள். அவள் திட்டுவாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பார்கள். "லண்டனாவது மண்ணாவது" என்று சொல்லிக்கொண்டே அவள் ஊற்றுவாள்.