மேல்கட்டையாக நான்

பதினோராம் வகுப்புக் காலாண்டில் அக்கா இயற்பியலில் ஃபெயிலானாள். அறிவியல் குரூப்பை விட்டுக் கணக்குப்பதிவியல் குரூப்புக்கு மாற்றச் சொல்லி அப்பா ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பா யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது மாமா பேச்சுதான். அம்மாவின் தம்பியான அவர், கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு வந்த மாமாவிடம் அக்கா நோட்டை நீட்டினாள். அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகள். மேல்கட்டையைக் கயிற்றால் சுவரோடு கட்டியாயிற்று, கீழ்க்கட்டையை உருவி இழுக்கிறார்கள். கீழ்க்கட்டை நகர ஆரம்பித்துவிட்டால் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சுவரோடு கட்டிய கயிற்றின் விறைப்பு அதிகமாகாது என்று அவள் எழுதியிருந்தாள்.

மாமா சிரித்துவிட்டார். “எத்தன வண்டியக் கயிறு கட்டி இழுத்திருக்கேன் ஆத்தா! இழுக்க இழுக்க விறைக்கத்தான செய்யும்?”

“செஞ்சு காட்டுறேன். சரியா வந்தா அப்பாட்ட பேசணும்.”

“பேசுறேன். தப்பா வந்தா?”

“நானே கடிதத்தக் கொண்டுபோய்க் குடுக்குறேன்.”

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவின் சோதனைக்கு உதவும் பெருமையில் மேல்கட்டையாக இருக்கச் சம்மதித்தேன். பழைய கதவுப் பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் சாக்கை விரித்து என்னை உட்கார வைத்தாள். பழம் நிறுக்கும் முள்தராசை பந்தலின் ஓரத்துக் கல்தூணில் கட்டி, அதன் கொக்கியிலிருந்து வந்த கயிற்றை என் இடுப்பில் முடிந்தாள்.

“அசையாம இருடி, கழுத. கட்டை பேசாது.”

மாமா கையால் பலகையை இழுத்தார். அது எனக்கடியில் நழுவியது, கயிறு இடுப்பைப் பிடித்தது. தராசு பத்துக் கிலோ காட்டியது.

“நான் மெல்லத்தான இழுத்தேன்” என்றார் மாமா. அக்கா பலகையைப் பழைய இடத்துக்கே தள்ளி, அதன் முனையில் கட்டிய கயிற்றை ஜீப்பின் பின்னால் மாட்டினாள். மாமா போய் வண்டியைக் கிளப்பினார்.

ஜீப் உறுமியதுதான் தெரியும். பலகை அடியிலிருந்து பறந்துபோக, நான் தொப்பென்று மண்ணில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு அலறினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“பத்து!” என்று கத்தினாள். “மாமா, அதே பத்து!”

என்னைத் தூக்கியது மாமாதான். தோற்றவர் ஏன் அப்படி வாயெல்லாம் பல்லாக நின்றார் என்று தெரியவில்லை. சாயங்காலம் அவர் அப்பாவோடு வரப்பில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா கையெழுத்துப் போடவில்லை.

முழங்கையில் மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். விழுந்த தங்கையை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்தவள் என்ன அக்கா என்று எனக்கு ஆத்திரம். சாப்பிடும்போது அவள் சோற்றைப் பிசைந்தபடி, யாரிடமும் இல்லாமல், “பத்து” என்று சொல்லிச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. என் எடையைச் சொல்லித்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.