வேறு ஆள் இல்லையா?

மூணாறில் ஒரு தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் நான் வேலை பார்த்தபோது, துணி அறைக்கு வட்டவடையிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். என் வயதுதான். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் மடித்து அடுக்குவது அவள் வேலை. எனக்குச் சைகை மொழி தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுகூட நாங்கள் போனில் எழுதிக் காட்டித்தான் பேசிக்கொண்டோம்.

அவள் எழுத்து மொட்டையாக இருக்கும். "நாளை வரமாட்டேன். அம்மா காய்ச்சல்." அவ்வளவுதான். அவள் முதலில் கற்றது கைமொழி. நாம் பேச்சில் குழைத்துச் சொல்வதையெல்லாம் அவளுக்கு முகமே சொல்லிவிடும். எழுதும்போது அந்த முகம் எழுத்தோடு வராது. ஒரு சிரிப்புப் பொம்மையாவது போடேன் என்று ஒருமுறை எழுதினேன். "எனக்கு முகம் இருக்கு. மஞ்சள் முகம் எதற்கு?" என்று எழுதிக் காட்டிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைப் போட்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை துணி அறைக்கு அவள் மட்டும் வந்தால் போதுமாம். அவள் உடனே பதில் போட்டாள்: "ஏன் நான் மட்டும்? வேறு ஆள் இல்லையா?"

படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. துண்டு வேண்டுமென்றால் தங்கியிருப்பவர்கள் அந்த அறைக்குத்தான் போன் அடிப்பார்கள். அடிப்பது அவளுக்குக் கேட்காது; மற்ற நாட்களில் உடன் இருப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். போனை எடுக்கத் தன்னோடு இன்னொரு ஆள் இருக்குமா என்றுதான் கேட்டிருந்தாள். ஆனால் அவளைத் தெரியாதவர்கள் படித்தால் எதிர்த்துப் பேசுவதாகத்தான் தோன்றும்.

"வேலை வேணுமா வேண்டாமா?" என்று எழுதினார் மேனேஜர்.

அதையும் அவள் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "கூட ஒரு ஆள் வேண்டும். இல்லை என்றால் வேண்டாம்." ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும் வேண்டாம் என்று நினைத்துத்தான் அவள் அப்படி எழுதினாள். குழுவில் எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ரிசப்ஷனில் ஒரு குடும்பம் சாவிக்காகக் காத்து நின்றது. எழுதினால் இன்னும் கெட்டுப்போகும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் மேனேஜரே ரிசப்ஷனுக்கு வந்தார். "எந்தா இது? நீதானே அவளோட கூட்டு? திமிரப் பாத்தியா?"

"சார், அவ எழுதுறதே அப்படித்தான் சார்."

"அதத்தானே நானும் சொல்றேன். எப்பவும் இப்படித்தான்."

நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை. போன் அடித்தால் அவளுக்குக் கேட்காது என்பதுதான் அடுத்து சொல்ல வேண்டியது. வாய் வரை வந்தது. என் வேலையும் அவர் கையில்தான் இருந்தது. விழுங்கிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அவளைக் குழுவிலிருந்து நீக்கி, இனி வரவேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

ஊருக்குப் போகும் ஜீப்பிலிருந்து எனக்கு எழுதினாள்: "என்ன தவறு?"

பக்கம் பக்கமாக எழுதினேன். அவர் தப்பாக எடுத்துக்கொண்டார், உன் எழுத்து கோபமாகத் தெரிகிறது, நான் சொல்லப்போனேன், முடியவில்லை. "சரி" என்று ஒரே வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு எதற்கும் பதிலில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அதை அவ எழுதியிருக்கணும்ல" என்றார். அதற்குள் துணி அறைக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வட்டவடைக்குப் போனேன். ஓடையோரத்தில் அம்மாவும் அவளும் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. அம்மாதான் பேசினார்.

"போனே வேண்டாம்னு அண்ணன்கிட்ட குடுத்துட்டாம்மா. எழுதுனா சண்டை வருதுன்னு கையால காமிக்கிறா. கூடப் படிச்ச புள்ளைங்களோட தெனமும் வீடியோவுல கையாட்டிப் பேசிட்டுக் கெடப்பா. இப்ப அதுவும் போச்சு."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது" என்று எழுதி நீட்டினேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. நோட்டை மூடி என் பையின்மேல் வைத்துவிட்டு, மறுபடியும் தண்ணீருக்குள் கையை விட்டாள்.

அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூணாறு ஜீப்புக்கு ஆள் கூப்பிட்டார்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. போனாலும் அவளிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.