முல்லைத்தீவுக் கரையில் ஒரு சார்ல்ஸ்டன்

1998, பங்குனி. காலை ஆறரைக்குத் தர்மபுரத்தில், பக்கமெல்லாம் திறந்த மரக்கூட்டு பஸ்ஸான தட்டிவானில் ஏறினேன். முல்லைத்தீவுக் கரைக்கு இருபத்திரண்டு மைல். மடியில் சேலையால் சுற்றிய இசைத்தட்டு.

"சாமானை மேல போடுங்கோ அம்மா," என்றார் சாரதி.

"வெயில் பட்டா நெளிஞ்சுபோடும். மடியிலயே கிடக்கட்டும்."

"அப்பளமோ?" வான் முழுக்கச் சிரித்தது.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தபோது நான் தூக்கிவந்த ஒரே உருப்படாத சாமான் அது. அதில் இருப்பது சார்ல்ஸ்டன் ஆட்டத்துக்கான இசை. அமெரிக்காவின் தென்பகுதியில் அந்தப் பெயருள்ள துறைமுகத்தில் கறுப்பின மக்கள் ஆடியது. 1920களில் நியூயோர்க்கில் மேடையேற, ஊர் உலகமெல்லாம் அதற்குப் பைத்தியமாகிவிட்டது. கொழும்புக்கும் கப்பலில் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் மறந்து எத்தனையோ வருடம் கழித்தும் கொழும்பில் எங்கள் பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பம் அதை விட்டபாடில்லை. அந்த நகரத்தில் கிளாக்கராக இருந்த என் கணவர் அவர்களிடம் பழகி, எனக்கும் பழக்கினார். முழங்கால் முட்ட, குதிகால் திரும்ப, முன்னும் பின்னும் உதைக்க வேண்டும். சேலையோடு உதைத்து நான் விழுந்ததற்குக் கணக்கில்லை.

அவர் இறந்து மூன்று வருடம். அந்த மெட்டு எனக்கு மறந்துபோயிருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்பதரைக்குப் புதுக்குடியிருப்பு. பால் விடாத பிளேன்ரீ ஐந்து ரூபாய். சீனிக்குப் பதில் பனங்கட்டித் துண்டு.

பதினொரு மணிக்கு மனுவல் வீடு. கடற்றொழிலாளி, கருவாடு விற்கத் தர்மபுரம் வந்தபோது தன் தகப்பனின் கிராமபோனைப் பற்றிச் சொன்னவர். முன்பு படிப்பித்தவள் என்பதால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னியில், கையால் முறுக்கும் பெட்டிதான் ராஜா. ஊசி மட்டும் கிடைக்காது. மனுவல் திருக்கை மீன் முள்ளைச் சீவிப் பொருத்தியிருந்தார்.

"ரீச்சர், ஒண்டு சொல்லோணும். இந்த முள் தட்டை உழுதுபோடும். ஒருக்காத்தான் கேக்கலாம். போடட்டோ?"

ஊமைத் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"போடுங்கோ."

கரகரவென்று இரைந்தது. பிறகு இசை துள்ளிக்கொண்டு வந்தது. மனுவலின் மனைவி பிலோமினா குசினி அடுப்பை விட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"எங்கட பைலாப் பாட்டு மாதிரியெல்லோ கிடக்கு! எப்பிடி ஆடுறது ரீச்சர்?"

குதிகாலைத் திருப்பிக் காட்டினேன். அவ்வளவுதான், கால் நிற்கவில்லை. அறுபத்தாறு வயதில் முற்றத்து மணல் பறக்க உதைத்தேன். சிரித்தேன், அழுதேன், கணவர் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிட்டேன். பிலோமினா என்னைவிட உயரமாக உதைத்தார்.

இசை நின்றது. தட்டு முழுக்க வெள்ளைக் கீறல்.

"நல்லாக் கேட்டீங்களோ ரீச்சர்?" என்றார் மனுவல்.

"ஓம்," என்றேன். பொய். ஆடிய ஆட்டத்தில் மெட்டு காதில் ஏறவேயில்லை.

பின்னேரம் திரும்பும் வழியெல்லாம் முயன்றேன். ஒரு துண்டுகூட வரவில்லை. ஆனால் போகும்போது இருந்த பாரமும் இல்லை.

ஆறு மணிக்கு வீடு. மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களோ? அப்பான்ர பாட்டு எப்பிடி? ஒருக்காப் பாடுங்கோ அம்மா."

"பாட்டை விடு," என்றேன், சேலையைத் தூக்கிச் செருகியபடி. "அந்தக் கதிரையளை அங்கால தள்ளு."